பேரன் எடுத்த வயசுல பளு தூக்கலாமா? தாராளமா தூக்கலாம்... ஆனா பழைய ரெக்கார்டை மறந்துடணும்!

வேலூர்:

பளு தூக்குறதைப் பத்தி வேலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கி தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். 2018-ல் கோல்டு கோஸ்டில் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கத்தைத் தட்டிக்கொண்டு வந்தார்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. "நாங்க தூக்காத வெயிட்டா?" என்று மீசையை முறுக்கும் 50, 60 வயசு 'பழைய சிங்கங்கள்' தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார்கள். ரிட்டையர் ஆனதும் ஒரு நாள் திடீரென ஜிம்முக்குள் நுழைவார்கள். 25 வயசில் தூக்கிய வெயிட்டை பாரில் மாட்டச் சொல்வார்கள். அப்புறம் ஆறு மாசம் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு பிசியோதெரபிக்கு அலைவார்கள்.

இன்னொரு பக்கம், "இந்த வயசுல வெயிட் தூக்கினா இடுப்பு போயிடும்" என்று பயந்து, ஒரு குடம் தண்ணீரைக்கூட தொடாதவர்கள்.

ரெண்டு பேர் கணக்கும் தப்பு. எப்படி என்று பார்ப்போம்.

வயசானா உடம்புல என்ன நடக்குது?

முப்பது வயசு தாண்டியதும் தசை மெல்ல மெல்லக் குறைய ஆரம்பிக்கிறது. பத்து வருஷத்துக்கு சுமார் 3 முதல் 8 சதவீதம் என்று டாக்டர்கள் கணக்கு சொல்கிறார்கள். 60-க்கு மேல் இந்த வேகம் இன்னும் கூடுகிறது.

அதிலும் ஒரு விஷயம் கவனிக்கணும். நம் உடம்பில் ரெண்டு வகை தசை நார் உண்டு. ஒன்று மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்வது. நடப்பதற்கு, நிற்பதற்கு இதுதான். இன்னொன்று 'டக்'கென்று வேலை செய்வது. குதிக்க, எகிற, எதையாவது சட்டென்று பிடிக்க இது வேணும். வயசாகும்போது அதிகம் தேய்வது இந்த ரெண்டாவது வகைதான்.

அதனால் என்ன என்கிறீர்களா? பாத்ரூமில் கால் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறு கால் அரை செகண்டுக்குள் முன்னால் வந்து ஊன்றினால் தப்பித்தோம். வராவிட்டால் இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன், படுக்கை. நம் வீடுகளில் பல பெரியவர்கள் படுக்கையில் விழுந்த கதை இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

அந்த அரை செகண்டைக் காப்பாற்றுவது பலம் மட்டும் இல்லை, பலத்தோடு சேர்ந்த வேகம். தினமும் வாக்கிங் போவது ரொம்ப நல்லது, இதயத்துக்கு மருந்து. ஆனால் 'டக்' தசைக்கு அதில் பெரிய வேலை இல்லை. ஒலிம்பிக் பளுதூக்குதலும் கெட்டில்பெல்லும் பெருசுகளுக்குப் பயன்படுவது இந்த இடத்தில்தான். ரெண்டிலும் முக்கியமான தூக்குதல்களை மெதுவாகச் செய்யவே முடியாது.

90 வயசுலயும் பலம் ஏறும்!

"எனக்கு 60 ஆச்சு, இனிமே எங்க ஏறப்போகுது?" என்பவர்களுக்கு ஒரு தகவல்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேருக்கு 8 வாரம் கனமான எடை வைத்து கால் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய சராசரி வயசு 90! 1990-ல் வெளியான இந்த ஆய்வில், பயிற்சியை முடித்தவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அதாவது பழைய பலத்தைப் போல ரெண்டரை மடங்குக்கும் மேலே. அது மிஷினில் உட்கார்ந்து செய்த பயிற்சிதான், பளுதூக்குதல் இல்லை. ஆனாலும் தொண்ணூறிலும் தசை 'ஏறுவேன்' என்று சொல்கிறது என்பது அதில் நிரூபணமானது.

பெண்களுக்கு இன்னொரு செய்தி. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு சீக்கிரம் தேயும் என்பது தெரிந்ததே. ஆஸ்திரேலியாவில், எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து 8 மாதம் ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வாரம் ரெண்டு நாள், நாளைக்கு 30 நிமிஷம் மட்டும், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கனமான எடை தூக்கினார்கள். இன்னொரு பிரிவினர் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள்.

2018-ல் வெளியான முடிவு: கனமாகத் தூக்கியவர்களுக்கு இடுப்புப் பக்க முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. 'பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க' என்பதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில், வாரத்தில் ரெண்டு நாளாவது தசைக்குப் பலம் கொடுக்கும் பயிற்சி வேணும் என்கிறது. 65 தாண்டியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஸ்னாட்ச்... ஜெர்க்... கெட்டில்பெல்... எது என்ன?

ஒலிம்பிக் பளுதூக்குதலில் இப்போது ரெண்டே முறைகள்தான். தரையில் இருக்கும் பாரை ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோனால் அது ஸ்னாட்ச். முதலில் தோளுக்குக் கொண்டுவந்து, அப்புறம் தலைக்கு மேல் தள்ளினால் கிளீன் அண்ட் ஜெர்க். மூன்றாவதாக 'பிரஸ்' என்று ஒன்று இருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். 'அந்தக் காலத்து' ஆட்கள் இன்னும் பிரஸ் பற்றிப் பேசினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

சிட்னியில் 2000-ல் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வாங்கியதும், டோக்கியோவில் 2021-ல் மீராபாய் சானு 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கியதும் இந்த ரெண்டு முறைகளில்தான்.

கெட்டில்பெல் என்பது பெரிய இரும்புப் பூட்டு மாதிரி இருக்கும். கீழே குண்டு, மேலே கைப்பிடி. பிறந்த இடம் ரஷ்யா. தானியம் நிறுக்கப் பயன்பட்ட படிக்கல்தான் பிற்பாடு பயில்வான்கள் கைக்குப் போனது. அங்கே பழைய எடைக் கணக்கில் ஒரு 'பூட்' என்றால் சுமார் 16 கிலோ. அதனால்தான் இன்றைக்கும் 16, 24, 32 கிலோ என்று எட்டு எட்டாக ஏறுகிறது. நம்ம ஊர் கர்லாக்கட்டை சுற்றிய கைகளுக்கு இதன் சுகம் சட்டென்று பிடிபடும். ரெண்டிலும் எடை கையை விட்டுத் தள்ளி இருப்பதால், பிடியும் தோளும் சேர்ந்து வேலை செய்தாக வேணும்.

முட்டி வலிக்காரர்களும், பார் பிடித்துப் பழகாதவர்களும் முதலில் கெட்டில்பெல்லில் ஆரம்பிப்பது நல்லது. ஸ்னாட்ச் பழக மாசக்கணக்கில் ஆகும். கெட்டில்பெல் ஸ்விங் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும்.

தண்ணி கேன் சொல்லும் பாடம்

16 கிலோ என்றதும் பயப்பட வேண்டாம். வீட்டில் வாங்கும் 20 லிட்டர் தண்ணி கேன் 20 கிலோவுக்கு மேலே! அதைத் தூக்கி கவிழ்க்கும்போது 'சுருக்'கென்று இடுப்பு பிடித்துக்கொள்வது எதனால்? முதுகை வளைத்து, கையால் இழுப்பதனால்.

கெட்டில்பெல் ஸ்விங் கற்றுத்தருவதே இதற்கு நேர் எதிரான பழக்கத்தை. முதுகு நேராக இருக்கணும். பின்பக்கத்தை பின்னால் தள்ளி, இடுப்பு மூட்டில் மடங்கணும். கதவைப் பின்பக்கத்தால் இடித்துச் சாத்துவோமே, அதே அசைவுதான். அப்புறம் 'டக்'கென்று இடுப்பை முன்னால் கொண்டுவந்து நிமிரணும். குண்டு தானாகப் பறந்து நெஞ்சு உயரத்துக்கு வரும். கை வெறும் கயிறு மாதிரிதான்.

நிறைய பேர் செய்யும் தப்பு, ஸ்விங்கை தோப்புக்கரணமாக்கி விடுவது. அல்லது குண்டைக் கையால் தூக்கப் பார்ப்பது. ரெண்டுமே கூடாது.

அடுத்த நாள் பின் தொடையும் பின்பக்கமும் வலித்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். அடிமுதுகு வலித்தால் தப்பாகச் செய்திருக்கிறீர்கள்.

'டர்கிஷ் கெட் அப்' என்று இன்னொரு பயிற்சி. மல்லாந்து படுத்து, ஒரு கையில் எடையை மேலே நீட்டிப் பிடித்தபடியே எழுந்து நிற்கணும். பெருசுகளுக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி தேடினாலும் கிடைப்பது கஷ்டம். விழுந்தவர் எழுவது எப்படி என்பதற்கான ஒத்திகையே இதுதான்! ஆரம்பத்தில் எடை வேண்டாம். மூடிய கைமுஷ்டி மேல் ஒரு செருப்பை வைத்துக்கொண்டு, அது விழாமல் எழுந்தாலே போதும்.

பழைய ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை

இளம் வயசில் தூக்கியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முன்பு வளர்ந்த தசை, விட்டுப்போனாலும் சீக்கிரம் திரும்பி வரும். அசைவும் உடம்புக்கு ஞாபகம் இருக்கும். ஒரே மாசத்தில் "அட, பழைய ஆளா ஆயிட்டோமே" என்று தோன்றும்.

இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். தசை வாரக்கணக்கில் தேறும். ஆனால் தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண் தேற மாசக்கணக்கில் ஆகும். வயசான தசைநாணுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேணும். எஞ்சின் புதுசு, செயின் பழசு என்கிற கதைதான். ரெண்டாவது, மூன்றாவது மாசத்தில் ஆசையாக ஒரு பெரிய வெயிட்டைப் போடும்போது தோளிலோ, முட்டிக்குக் கீழேயோ, குதிகாலுக்கு மேலேயோ 'பட்' என்று விடும்.

இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்ளணும். வயசு கூடக்கூட, மெதுவாகத் தூக்கும் பலத்தைவிட ஸ்னாட்ச், ஜெர்க் மாதிரி வேகமான தூக்குதல்களில் இறக்கம் அதிகமாக இருக்கும். உலக சாம்பியன்களுக்கே அப்படித்தான். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

என்ன எடை? எத்தனை நாள்?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒருவர் 25 வயசில் 100 கிலோ ஜெர்க் செய்தவர். இப்போது 58. சில வாரம் பழகிய பிறகு, நல்ல முறையில், தடுமாறாமல் அவரால் தூக்க முடிகிற அதிகபட்ச எடை 60 கிலோ. அவருடைய கணக்கு இனி 60-ல் இருந்துதான், 100-ல் இருந்து இல்லை. அதில் 60 முதல் 75 சதவீதம், அதாவது 36 முதல் 45 கிலோவுக்குள்தான் பெரும்பாலான நாட்கள் பயிற்சி இருக்கணும்.

புதுசாக வருபவர்கள் பாரையே தொட வேண்டாம். ஆண்கள் பார் 20 கிலோ, பெண்கள் பார் 15 கிலோ. முதல் சில வாரம் ஒரு மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் பைப்போ போதும். கெட்டில்பெல்லில் பெண்கள் 4, 6, 8 கிலோவிலும், ஆண்கள் 8 அல்லது 12 கிலோவிலும் ஆரம்பிக்கலாம்.

வாரம் ரெண்டு நாள், அதிகம் போனால் மூன்று நாள். நடுவில் ரெண்டு நாள் இடைவெளி. திங்கள், வியாழன் என்று வைத்துக்கொண்டால் வசதி. 20 வயசுப் பையன் மறுநாளே தூக்குவான். நமக்கு அதே உழைப்பு தேற 48 மணி நேரம், 72 மணி நேரம் கூட ஆகலாம். வயசு குறைப்பது முக்கியமாக இந்தத் தேறும் வேகத்தைத்தான்.

ஒரு நாள் பயிற்சி இப்படி இருக்கலாம்:

முதல் 15 நிமிஷம் உடம்பைச் சூடாக்கணும். நடை, கணுக்கால் சுழற்சி, குச்சியைப் பிடித்து தோள் சுழற்சி, மெதுவாக உட்கார்ந்து எழுவது. இளவட்டங்கள் அஞ்சு நிமிஷத்தில் முடிக்கிறார்களே என்று பார்க்காதீர்கள்.

அடுத்து ஸ்னாட்ச் அல்லது கிளீன். ஒரு தடவைக்கு ரெண்டு முறை வீதம் ஆறு தடவை. நடுவில் ரெண்டு நிமிஷம் ஓய்வு.

அப்புறம் பாரை முன் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஃபிரண்ட் ஸ்குவாட். மூன்று முறை வீதம் நாலு தடவை.

கடைசியாக கெட்டில்பெல் ஸ்விங். பத்து பத்தாக அஞ்சு தடவை. பேச முடிகிற அளவுக்கு மூச்சு திரும்பியதும் அடுத்த பத்து.

மொத்தம் ஒரு மணி நேரம். முடிந்தது. வீட்டுக்குக் கிளம்புங்க.

நாலு வாரத்தில் ஒரு வாரம் எடையையும் எண்ணிக்கையையும் பாதியாகக் குறையுங்க. அந்த வாரத்தில்தான் உடம்பு சேர்த்துவைத்த பாக்கியை எல்லாம் அடைக்கும்.

முழுசா உட்கார முடியலையா?

ஸ்னாட்ச் என்றால் அடிவரை உட்கார்ந்துதான் பிடிக்கணும் என்று கட்டாயம் இல்லை. பாதி உட்கார்ந்து பிடிக்கும் 'பவர் ஸ்னாட்ச்', 'பவர் கிளீன்' முட்டிக்கும் இடுப்புக்கும் கருணை காட்டும். தரையில் இருந்து எடுக்காமல் முட்டி உயரத்தில் கட்டை வைத்து, அதன் மேலிருந்து எடுத்தால் முதுகுக்கும் நல்லது.

குதிகால் உயர்ந்த பளுதூக்கும் ஷூ போட்டால், விறைத்துப்போன கணுக்காலுக்கு உதவியாக இருக்கும். வெறும் சாக்ஸோடு, ஹவாய் செருப்போடு தூக்காதீர்கள்.

நம் ஆட்களுக்கு ஒரு பிளஸ் பாயிண்ட் இருந்தது. சம்மணம் போட்டுச் சாப்பிட்டோம், குந்தி உட்கார்ந்தோம். நாற்காலியும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் வந்த பிறகு அது குறைந்துவிட்டது. முட்டி அனுமதித்தால், தினமும் கம்பியையோ ஜன்னலையோ பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் குந்தி உட்கார்ந்து பழகுங்க.

யார் டாக்டரைப் பார்க்காம ஆரம்பிக்கக் கூடாது?

கனமாகத் தூக்கும்போது மூச்சை அடக்குவோம். அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் ஜிவ்வென்று ஏறும். எனவே கட்டுப்பாட்டில் இல்லாத பி.பி., நெஞ்சு வலி, இதய ஆபரேஷன், குடலிறக்கம், கண்ணில் பிரஷர், சமீபத்தில் செய்த கண் ஆபரேஷன்... இதில் எது இருந்தாலும் டாக்டர் சம்மதம் இல்லாமல் பாரைத் தொடாதீர்கள்.

சர்க்கரைக்காரர்கள், முக்கியமாக இன்சுலின் போடுகிறவர்கள், கையில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருக்கணும். கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் உடனே நிறுத்துங்க. காலில் புண் இருக்கிறதா என்று தினமும் பாருங்க.

தசை வலி ரெண்டு நாள் இருப்பது சகஜம். ஆனால் மூட்டில் குத்துகிற வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் தோள் வலி, கால் வரை இறங்கும் முதுகு வலி சகஜம் இல்லை. நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் 'கேஸ் டிரபிள்' என்று தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். கோடையில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. கெட்டில்பெல் பிடிக்கும் கையில் வியர்வை இருந்தால் குண்டு பறந்துவிடும். டவலும் ஜிம்மில் கைக்குப் பூசும் சாக் பவுடரும் அவசியம். மொட்டைமாடியில் பாரை 'டமால்' என்று போடாதீர்கள். உங்கள் தளமும் போகும், கீழ் வீட்டுக்காரர் நட்பும் போகும்.

ரசம் சாதம் மட்டும் போதாது

தூக்கினால் மட்டும் தசை வளராது, புரதம் வேணும். வயசானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது நிபுணர்கள் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. எனவே ராத்திரி ரெண்டு இட்லியோடு முடித்துக்கொண்டால் கணக்கு தேறாது. முட்டை, மீன், சிக்கன், பால், தயிர், சுண்டல், பருப்பு என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்க. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் கூட்டணும்.

போட்டியும் உண்டு தெரியுமா?

இத்தனை வயசில் தூக்கி என்ன சாதிக்கப்போறோம் என்று சலிப்பவர்களுக்காகவே சர்வதேச அளவில் 'மாஸ்டர்ஸ்' பளுதூக்கும் போட்டிகள் நடக்கின்றன. அஞ்சு அஞ்சு வயசாகப் பிரிவு. 60 வயசுக்காரர் 64 வரை உள்ளவர்களோடுதான் மோதுவார். பேரன் வயசுப் பையனோடு இல்லை. வெவ்வேறு வயசுக்காரர்களை ஒப்பிட, தூக்கிய எடையை உடல் எடைக்கும் வயசுக்கும் ஏற்ப பெருக்கிப் பார்க்கும் கணக்கும் வைத்திருக்கிறார்கள். வயசு ஏற ஏற அந்த எண் கூடும். அதாவது, 70 வயசில் தூக்கும் ஒரு கிலோவுக்கு 40 வயசில் தூக்கும் ஒரு கிலோவைவிட மதிப்பு அதிகம்!

போட்டிக்குப் போகாவிட்டாலும் அந்தக் கணக்கின் நியாயத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். 25 வயசு ரெக்கார்டு எழுதிய பழைய நோட்டை பரணில் போடுங்க. கடையில் 20 ரூபாய்க்கு ஒரு புது நோட்டு வாங்குங்க. முதல் பக்கத்தில் இன்றைய தேதி, இன்றைய வயசு. முதல் ரெக்கார்டு வெறும் குச்சியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்க. அடுத்த மாசம் ஒரே ஒரு கிலோ கூடினாலும் அது புது ரெக்கார்டுதான்.

ஆறு மாசம் கழித்து தரையில் சம்மணம் போட்டு உட்காருங்க. கை ஊன்றாமல் எழுந்து நின்று பாருங்க. பக்கத்தில் யாராவது துணைக்கு இருக்கட்டும்.

எழுந்துவிட்டீர்களா? அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்க. அதுதான் தங்க மெடல்!